கறை துணியில் இல்லை

(பௌர்ணமி நாளன்று சங்கக் கூடத்தில் ஆற்றிய தன்ம உரை)





சென்ற இரண்டு பௌர்ணமிகளிலும் நான் இவ்விடம் நின்று பேசவில்லை. வலக்கண்ணில் இருந்த புரைக்கு அறுவை செய்துகொண்டு வீட்டில் இருந்தேன். "கண் இப்போது எப்படி?" என்று வாயிலிலேயே பலரும் வினவினீர்கள். கண் நன்றாக இருக்கிறது. எதிர்ச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தேதியை இங்கிருந்தே படிக்கிறேன். ஆயினும் கண்ணொளி பெற்ற கதையை மட்டும் சொல்லி அமர்ந்துவிட எனக்கு மனமில்லை. அந்த ஒளியில் முதலில் தெரிந்தது என் குற்றம். அதை இச்சபையில் ஒப்புக்கொள்ளவே இன்று நிற்கிறேன்.

இருபத்தெட்டு ஆண்டுகள் பஞ்சாலையில் உழைத்தவன் நான். அவற்றுள் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள், நெய்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்து, கறை உண்டா, இழை அறுந்துள்ளதா என்று பார்க்கும் வேலை. ஆகவே வெள்ளைத் துணியைப் பற்றி எவரும் எனக்குக் கற்பிக்க வேண்டியதில்லை என்ற செருக்கு என்னிடம் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வேட்டி பழுப்பேறி வருவதாகத் தோன்றியது. உபோசத நாளில் உபாசகன் உடுக்க வேண்டியது வெள்ளுடை அல்லவா? இல்லாளைக் கடிந்துகொண்டேன். அவள் சோப்பை மாற்றினாள், நீலம் போட்டாள், வெயிலில் இரண்டு முறை காய வைத்தாள். "வெளுப்பாகத்தானே இருக்கிறது" என்றாள். "ஆலையில் துணி பார்த்தவன் நானா, நீயா?" என்றேன். அதன்பின் அவள் வாய் திறக்கவில்லை.

நாளடைவில் தெருவிளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றியது. அந்திப் பொழுதில் எதிரே வருபவர் முகம் தெரியவில்லை. மருத்துவரிடம் சென்றபோது இரு கண்களிலும் புரை என்றார்.

கண்புரை என்பது யாது? நம் மக்கள் "கண்ணில் பூ விழுந்தது" என்பார்கள். "சதை வளர்ந்தது" என்பார்கள். உண்மையில் அது கண்ணின் மேல் படரும் பொருளே அன்று. கருமணிக்குப் பின்னால், ஒளியைக் குவித்துத் தரும் சிறு வில்லை ஒன்று இயற்கையிலேயே அமைந்துள்ளது. நீரும் புரதமும் கொண்ட அவ்வில்லை இளமையில் பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஆண்டுகள் ஏற ஏற அப்புரதம் திரண்டுகொள்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் ஒளி புகாதபடி ஆவதைப்போல் வில்லையும் மங்குகிறது. பலருக்கு அது மஞ்சளாகிப் பழுப்பாகி, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுத்துவிடும். முதுமையே முதற் காரணம். நீரிழிவு, புகைப்பழக்கம், கண்ணில் பட்ட அடி, நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மருந்து ஆகியவை அதை விரைவுபடுத்தும். தழைச்சாற்றாலோ சொட்டு மருந்தாலோ அது கரைவதில்லை. மங்கிய வில்லையை அகற்றி வேறொன்றை வைப்பதே வழி.

இவ்வளவும் கேட்டறிந்த பின்னும் ஓராண்டு தள்ளிப்போட்டேன். அச்சமே உண்மைக் காரணம். ஆனால் அந்த அச்சத்திற்குத் தன்மத்தின் பெயரைச் சூட்டினேன். நம் பெரியவர் ஒருவர் அன்பினால் என்னிடம், "தம்பி, இது பழவினை. சக்குபாலத் தேரர் கண்ணை இழந்தும் அரஹந்த நிலை அடையவில்லையா? பொறுத்துக்கொள்" என்றார். அச்சொல் எனக்கு இனித்தது.

ஒரு மாலை கொதிநீர்ப் பாத்திரத்தை அடுப்புமேடையின் விளிம்பில் வைப்பதாக எண்ணி வெற்றிடத்தில் விட்டேன். நீர் கொட்டிய இடத்திற்கும் என் பேரன் நின்ற இடத்திற்கும் ஒரு முழம்தான் இடைவெளி. குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. அன்றிரவு உறக்கமின்றிச் சக்குபாலர் கதையைத் தொடக்கம் முதல் நினைத்துப் பார்த்தேன்.

தம்மபத உரையின் முதற் கதை அது. மழைக்காலம் மூன்று மாதமும் படுப்பதில்லை என்று விரதம் பூண்ட தேரருக்குக் கண்நோய் கண்டது. படுத்த நிலையில் விட வேண்டிய மருந்தை அவர் உட்கார்ந்தே விட்டுக்கொண்டார். இரு கண்களும் போயின. அதே பொழுதில் ஞானமும் கைகூடியது. பின்னர் ஒருநாள், மழை ஓய்ந்த விடியலில் அவர் உலாவிய பாதையில் பூச்சிகள் மிதியுண்டு மடிந்தன. பிக்குகள் பகவானிடம் முறையிட்டார்கள். தேரர் அவற்றைக் காணவில்லை, கொல்லும் எண்ணமும் அவருக்கில்லை, ஆதலால் குற்றமில்லை என்று பகவான் தெளிவித்தார். காணாதவருக்குக் குற்றமில்லை, உண்மைதான். ஆனால் எனக்கோ காணும் வழி திறந்து கிடந்தது. அதில் நுழைய மறுத்துவிட்டுக் குழந்தையின் மேல் கொதிநீரைக் கொட்டியிருந்தால், "நான் காணவில்லை" என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டா?

அவ்வுரை தேரரின் முற்பிறவி வினையையும் சொல்கிறது; அதை மறைக்க மாட்டேன். அவ்வினை என்ன? கண் குணமான பின்னும் குணமாகவில்லை என்று பொய் சொன்ன ஒரு பெண்மேல் சினந்து, மருந்து என்று சொல்லி அவள் கண்களைக் கெடுத்த மருத்துவனின் வினை. கண்ணைக் கெடுப்பது தீவினை என்று காட்டும் கதை, கண்ணைக் குணப்படுத்துவதைத் தடுக்குமோ?

சம்யுத்த நிகாயத்தில் சிவகர் என்னும் பரிவிராசகர் பகவானை அணுகி, மனிதன் துய்க்கும் இன்ப துன்பம் யாவும் முன்வினையால் வருவனவா என்று வினவுகிறார். பகவான் எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டுகிறார்: பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், உடலை ஒழுங்கின்றிப் பேணுதல், பிறரின் தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன். யாவும் முன்வினையே என்பவர், தாமே அறியக்கூடியதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார் என்பது அவர் தீர்ப்பு. இத்தீர்ப்பை நாம் மறக்கலாகாது. நம் பாட்டன்மாரைச் சேரியில் நிறுத்தியவர்கள் சொன்ன காரணமும் முன்வினை என்பதே அல்லவா? அங்கே அச்சொல்லை மறுத்துவிட்டு, நோய் வந்தவுடன் அதையே நாம் கையில் எடுப்பது எவ்வாறு பொருந்தும்?

பகவான் நோயைப் பொறு என்று மட்டும் சொல்லி விடுத்தவர் அல்லர். கண்நோய் கொண்ட பிக்குவுக்கு அஞ்சனத்தையும், அதை வைக்கும் சிமிழையும், தீட்டும் கோலையும் அனுமதித்ததாக விநயத்தின் மகாவக்கம் கூறுகிறது. 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று நமக்கு வழிகாட்டிய பண்டிதர் அயோத்திதாசரும் சித்த மருத்துவரே.

பழங்காலத்தில் புரைபட்ட வில்லையைக் கருவியால் தள்ளிக் கண்ணுக்குள் கீழே இறக்கிவிடும் முறை நம் நாட்டில் இருந்தது. சுசுருத சங்கிதை அதை விவரிக்கிறது. அதற்கு மாற்றாக வைக்க ஒரு வில்லை அன்று இல்லை. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் முன்மூடி நொறுங்கி, அதன் பிளாஸ்டிக் துணுக்குகள் சில விமானிகளின் கண்ணில் தைத்தன. அவற்றைக் கண் வெறுத்துத் தள்ளவில்லை என்பதைக் கவனித்த ஹரால்டு ரிட்லி என்னும் மருத்துவர், 1949இல் லண்டனில் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவை செய்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அந்நிறுவனத்தைச் சார்ந்த ஆரோலேப் வில்லைகளை இங்கேயே செய்யத் தொடங்கியபின், ஏழைக்கும் அது எட்டும் விலைக்கு வந்தது. காரணத்தை அறிந்து, காரணத்தை அகற்றித் துன்பத்தை நீக்குதல் என்னும் பகவானின் நெறியே இவர்கள் கையிலும் விளங்கியது.

அறுவை நாளன்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். கண்ணின் நீளத்தை முன்னரே அளந்து, எனக்கேற்ற வில்லையைத் தேர்ந்து வைத்திருந்தார்கள். சொட்டு மருந்தாலேயே கண் மரத்துப்போனது. முகத்தை மூடிய துணியில் கண்ணுக்கு மட்டும் வழி. "பெரியவரே, விளக்கைப் பாருங்கள், அசையாதீர்கள்" என்றார் மருத்துவர். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியாக, நுண்ணொலி அதிர்வால் பழைய வில்லையை உடைத்து உறிஞ்சி, மடித்த புது வில்லையை உள்ளே விரியச் செய்தார்கள். வலி இல்லை, நீர் வழிவது தெரிந்தது, வண்ண ஒளிகள் நகர்ந்தன. உள்ளே வரும் மூச்சையும் வெளியே போகும் மூச்சையும் கவனித்துக் கிடந்தேன். இத்தனை ஆண்டுகள் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆனாபான சதியை அன்றுதான் முழு மனத்தோடு செய்தேன். இருபது நிமிடங்களில் முடிந்துவிட்டது.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். வீட்டிற்கு வந்தேன். கொடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அது வெள்ளையாய் இருந்தது. நீலம் போட்ட, மாசற்ற வெள்ளை. வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தேன். அதே வேட்டி பழுப்பாயிருந்தது. மீண்டும் வலக்கண்ணால் பார்த்தேன், வெள்ளை. கொடியின் அருகில் நெடுநேரம் நின்றேன். மூன்று ஆண்டுகள் கறை துணியில் இல்லை. பார்த்தவன் கண்ணில் இருந்தது. இல்லாளிடம் சென்று, "துணி வெளுப்பாகத்தான் இருந்திருக்கிறது, என்னை மன்னித்துவிடு" என்றேன். அவள், "வெயிலில் நிற்காதீர்கள், கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னாள்.

அன்பர்களே, மாகந்தியருக்குப் பகவான் சொன்ன உவமை ஒன்று மச்சிம நிகாயத்தில் உண்டு. பிறவிக் குருடன் ஒருவன் வெள்ளைத் துணியின் சிறப்பைக் கேள்வியுற்று அதைத் தேடிப் போகிறான். ஒருவன் எண்ணெய்ப் பிசுக்கேறிய அழுக்குத் துணியைக் கொடுத்து, இதுவே வெள்ளை என்கிறான். இவனும் மகிழ்ந்து உடுத்துகிறான். உறவினர் மருத்துவரை அழைத்து வந்து பார்வை கிடைக்கச் செய்தபின், அத்துணியின்மேல் கொண்ட ஆசையும் ஒழிகிறது. நாம் இவ்வுவமையைச் சொல்லும்போதெல்லாம், அழுக்கை வெள்ளை என்று கொடுத்து ஏய்த்தவர்களைப் பற்றியே பேசி நிறுத்திவிடுகிறோம். பகவான் அங்கே நிறுத்தவில்லை. இத்தனை காலம் என்னை ஏய்த்தது என் மனமே என்று கண் பெற்றவன் உணர்வான் என முடிக்கிறார்.

குருட்டுக் கண் அழுக்கை வெள்ளை என்று கொள்ளும். புரைபட்ட கண் வெள்ளையை அழுக்கு என்று தள்ளும். இரண்டும் ஒரே நோய். தூய மக்களைத் தீட்டு என்று இந்நாடு நெடுங்காலம் பார்த்தது. கறை நம்மிடம் இருந்ததில்லை. பார்த்தவர் கண்ணில் இருந்தது. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் திரிசரணம் ஏற்றபோது, நம் மக்கள் பல்லாயிரவர் அக்கறையைத் தம் மேனியில் தேடுவதை விட்டொழித்தனர்.

ஆனால் நம் கண் தெளிந்ததா? துப்புரவுத் தொழில் செய்யும் ஒரு குடும்பத்தார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இக்கூடத்தில் நம்மோடு பஞ்சசீலம் ஏற்றார்கள். அவர்கள் அமர்ந்த பாயிலிருந்து நம்மில் சிலர் எழுந்து வேறு பாய்க்குச் சென்றோம். நான் எழவில்லை, ஆனால் கண்டும் காணாதவன்போல் உரையைத் தொடர்ந்தேன். அவர்கள் அன்று முதல் கடைசிப் பாயிலேயே அமர்கிறார்கள். நம்மைப் பழித்தவர் கண்ணில் இருந்த அதே பழுப்பு நம் கண்ணிலும் இருக்கிறது. நம்மில் பலருக்கு ஒரு கண்ணுக்குத்தான் அறுவை ஆகியிருக்கிறது. மேலே நோக்கிப் பார்க்கும் கண் தெளிந்துவிட்டது. அருகில் இருப்பவரையும் வீட்டில் உள்ள பெண்களையும் பார்க்கும் கண் இன்னும் பழுப்பாகவே உள்ளது.

கண் பெற்றவர் ஒன்றை அறிய வேண்டும். எடுத்த புரை மீண்டும் வளராது. ஆயினும் புது வில்லையைத் தாங்கும் மெல்லிய பை, சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மங்கும். லேசர் ஒளியால் சில நிமிடங்களில் அதைத் தெளிவாக்கலாம். மங்கல் வந்ததை ஒப்புக்கொண்டு போக வேண்டும், அவ்வளவே. தன்மம் ஏற்றதும் அப்படித்தான். ஒருநாள் ஏற்றோம் என்பதால் எந்நாளும் தெளிவு நிற்காது. உபோசதம் தோறும் நம்மை நாமே சோதித்துக்கொள்வது அதற்காகவே.

சுரங்கத்தில் உழைத்த முதியோரும் ஆலையில் உழைத்த முதியோரும் இங்கே இருக்கிறீர்கள். பார்வை மங்கினால் "புரை முற்றட்டும்" என்று காத்திராதீர்கள். முற்றவிட்டால் கண்ணின் அழுத்தம் ஏறி, மீளாக் குருடாகவும் கூடும். அறுவைக்குப் பின் சொல்லப்பட்ட நாள்வரை சொட்டு மருந்தை வேளை தவறாது விடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், தண்ணீர் படவிடாதீர்கள், பளு தூக்காதீர்கள். வலியோ சிவப்போ மிகுந்தால், பார்வை குறைந்தால், அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். துணைக்கு ஆளில்லாதவர் என்னிடம் சொல்லுங்கள். நான் உடன் வருகிறேன்.

அடுத்த மாதம் என் இடக்கண்ணுக்கு அறுவை. மற்றொரு கண்ணின் அறுவைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வுரை முடிந்ததும் என் பாயை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குச் செல்கிறேன். அங்கே இடம் நிறைய இருக்கிறது. வர விரும்புவோர் வரலாம்.

எல்லா உயிரும் துன்பம் நீங்கி வாழ்க!

சாது! சாது! சாது!