எல்லை தாண்டும் சாக்கடை

சேர்வராயன் மலைப்பக்கம் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே ஓடி, ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம் வட்டாரங்களைக் கடந்து, பரமத்தி வேலூர் அருகே காவிரியில் கலக்கிறது. மழைக்காலம் போக மற்ற நாட்களில் அதில் ஓடுவது பெரும்பாலும் சேலத்தின் சாக்கடைத் தண்ணீர். வழியில் சாயப்பட்டறைக் கழிவும் சேகோ ஆலைக் கழிவும் சேர்ந்துகொள்ளும். நல்ல மழை பெய்து ஆறு பெருகினால், தண்ணீர் உயரத்திலிருந்து விழும் இடங்களில் வெள்ளை நுரை ஆளுயரம் பொங்கும். காற்றடித்தால் அது பறந்து வயலிலும் ரோட்டிலும் விழும். மேலே இருக்கும் ஊரின் மன்றம் கீழே இருக்கும் ஊருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்ற கேள்வி இங்கே எழுகிறது.

சட்டப்படி பார்த்தால் மன்றத்தின் பொறுப்பு அதன் எல்லைக்குள் அடங்குகிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளை நகராட்சி அமைப்புகளுக்குரியவையாகக் குறிக்கிறது. நகரமைப்பு, துப்புரவு, கழிவு மேலாண்மை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு மக்கள். கொசு, நாற்றம், தெருவில் தேங்கும் தண்ணீர் ஆகியவைதான் அவர்களுடைய புகார். தண்ணீர் தெருவை விட்டுப் போய்விட்டால் புகாரும் போய்விடுகிறது. வடிகாலின் வேலை அத்தோடு முடிந்தது என்று ஒரு மன்றம் நினைப்பதற்கு இந்த ஏற்பாடே இடம் கொடுக்கிறது.

பணம் இல்லை என்பது வழக்கமான பதில். இந்தப் பதிலை உச்ச நீதிமன்றம் 1980-லேயே தள்ளிவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரட்லம் நகராட்சிக்கு எதிரான வழக்கில், திறந்த சாக்கடையாலும் ஆலைக் கழிவாலும் அவதிப்பட்ட குடியிருப்பாளர்களின் பக்கம் நின்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தார். ஆனால் ரட்லத்தில் வழக்காடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். தேர்தல் வந்தால் ஓட்டுப் போட்டும் கேள்வி கேட்கக்கூடியவர்கள். மல்லசமுத்திரத்து விவசாயிக்குச் சேலம் மாநகராட்சியில் ஓட்டு இல்லை. 1997-இல் மல்லசமுத்திரம் அடங்கிய நாமக்கல் தனி மாவட்டமான பிறகு இரண்டு ஊருக்கும் பொதுவான கலெக்டர்கூட இல்லை. உள்ளாட்சித் திட்டங்களை ஒன்றாக்கிப் பார்க்கவேண்டிய மாவட்டத் திட்டக்குழுவும் மாவட்டத்துக்கு ஒன்றுதான். ஆறு மட்டும் இரண்டிலும் ஓடுகிறது.

பணம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்த சேலத்தில் பழைய பேருந்து நிலையம் இடிக்கப்பட்டு, ஈரடுக்கு நிலையமாகக் கட்டி 2023-இல் திறக்கப்பட்டது. பாதாளச் சாக்கடைத் திட்டமோ பத்தாண்டுக்கும் மேல் இழுத்தது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் எது முன்னால் முடிகிறது என்பதில் மன்றத்தின் மனம் தெரிகிறது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு ரிப்பன் வெட்டப் பெரிய கூட்டம் கூடுவதில்லை. அதன் பலனும் பத்துப் பதினைந்து மைல் தள்ளி வேறு யாருக்கோ போகிறது. ஓட்டு மட்டும்தான் கணக்கென்றால் அந்தச் செலவு எப்போதும் பட்டியலின் அடியில்தான் கிடக்கும்.

இதுபோன்ற வழக்கு ஒன்று அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்தது. சிகாகோ நகரம் தன் குடிநீர் ஏரியைக் காப்பாற்ற, 1900-இல் கால்வாய் வெட்டி ஆற்றின் போக்கையே திருப்பி, சாக்கடையை மிசிசிப்பி பக்கம் அனுப்பியது. கீழே இருந்த மிசௌரி மாநிலம் வழக்குப் போட்டது. 1906-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். தீங்கு போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை என்றார். மிசௌரியின் சொந்த ஊர்களும் அதே ஆற்றில்தான் சாக்கடை விடுகின்றன என்பதையும் சுட்டிக்காட்டினார்.

கடைசியாகச் சொன்ன வாதம் மல்லசமுத்திரத்துக்கும் சுடும். பேரூராட்சியின் சாக்கடையும் எங்கோ ஒரு ஓடையில்தான் இறங்குகிறது. சுற்றுவட்டாரத்துச் சேகோ ஆலைகள் சேலம் மாநகராட்சிக்குள் இல்லை. இருந்தாலும் இது மேலூரின் பொறுப்பை அழித்துவிடாது. ஒரு பேரூராட்சி விடும் கழிவையும் பல லட்சம் பேர் வாழும் மாநகரம் விடும் கழிவையும் ஒரே தராசில் வைப்பது நியாயமும் அல்ல. தன் பங்குக்குத் தானும் பதில் சொல்லவேண்டும் என்பதை மட்டுமே அது கீழூருக்கு நினைவூட்டுகிறது.

சிக்கல் இத்தோடு தீரவில்லை. வறண்ட சமவெளியில் கோடையிலும் தண்ணீர் ஓடும் ஆறு சும்மா கிடப்பதில்லை. அந்த அழுக்குத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துப் பயிர் செய்பவர்கள் உண்டு, அதனால் ஊறும் கிணறுகளும் உண்டு. சேலம் நாளை தன் கழிவுநீர் முழுவதையும் சுத்தப்படுத்தி ஆலைகளுக்கு விற்றுவிட்டால் ஆறு சுத்தமாகும், காய்ந்தும் போகும். நாற்றத்தைப் பல்லாண்டு பொறுத்தவனுக்கு, சுத்தமான பிறகு அந்தத் தண்ணீரில் பங்கு இல்லை என்று சொல்வது முதல் அநீதியை விடச் சிறியதல்ல. ஆகவே மேலூரின் கடமை சாக்கடையை நிறுத்துவது மட்டுமல்ல. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஆற்றிலேயே விடுவதும் அதில் அடங்கும். எவ்வளவு விடுவது என்பதை மாநகராட்சி தனியாக முடிவு செய்வதும் சரியாகாது. இரு மாவட்ட நிர்வாகமும் நீர்வளத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பாசன விவசாயிகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய விஷயம் அது. அந்த மேசையில் பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் காவிரிக்கரை ஊர்களுக்கும் இடம் வேண்டும். சேலத்திடம் மல்லசமுத்திரம் கேட்கும் அதே கணக்கை மல்லசமுத்திரத்திடம் கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு.