எடுத்து வைப்பதும் எடுத்துப் பார்ப்பதும்

சொந்த லேப்டாப்பில் இணையதளம் கட்டுகிறவரின் உழைப்பு இரண்டு இடங்களில் இருக்கிறது. எழுதிய நிரல் கோப்புகளில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்ற கருவி அதைப் பார்த்துக்கொள்ளும். தளத்தில் எழுதும் எழுத்தெல்லாம் டேட்டாபேஸில். வேர்ட்பிரஸ்ஸில் ஒரு பக்கத்தை நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினாலும் அது மைஎஸ்க்யூஎல் அட்டவணையில் ஒரு வரியாகத்தான் இருக்கும். வேறெங்கும் அதற்கு நகல் கிடையாது.

ஆகவே தானியங்கி பேக்கப் வைக்கிறோம். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்க லினக்ஸில் கிரான், விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர். இரவில் ஒரு ஸ்கிரிப்ட், டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் நிரலை ஓட்டித் தேதியிட்ட கோப்பு ஒன்றை எழுதிவிடும். கோப்பு வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அன்றிலிருந்து அதை மறந்துவிடுகிறோம். மறப்பதற்காகத்தானே வைத்தோம்.

டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றிய இரவிலும் அந்த ஸ்கிரிப்ட் பழைய கடவுச்சொல்லோடு ஓடும். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் கட்டளையில் ஷெல் முதலில் கோப்பைத் திறந்துவிட்டுத்தான் நிரலையே தொடங்குகிறது. நிரல் தோற்றாலும் கோப்பு பிறந்துவிடும்: சரியான பெயர், சரியான தேதி, 0 பைட். தமிழில் தளம் நடத்துபவருக்கு இதைவிடக் கொடிய ஒன்று உண்டு. எழுத்துக்குறியாக்கம் லத்தீனுக்குப் போய்விட்டால் அட்டவணைகள் அத்தனையும் இருக்கும், வரிகளின் எண்ணிக்கையும் சரியாக இருக்கும். தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள். திறந்து படிக்காதவரை தெரியாது.

பேக்கப் இருப்பதாக நம்பி ஏமாறும் இந்தக் கதைதான் 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் பெரிய அளவில் நடந்தது. பொறியாளர் ஒருவர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்தார். சுமார் 300 ஜிபி போனது. தினசரி பேக்கப்பைத் தேடினார்கள், சேமிப்பிடம் காலி. போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸை 9.2 பதிப்புக் கருவி நகலெடுக்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாரையும் சேரவில்லை.

காப்பாற்றியது சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல். அது பாதுகாப்புக்காக எடுத்ததல்ல. சோதனைச் சூழலில் ஏற்றி வேலை பார்ப்பதற்காக அதே பொறியாளர் கையால் எடுத்தது. பாதுகாப்புக்கென்று எடுப்பதாக நினைத்த நகல்களைத் திறந்து பார்க்க யாருக்கும் அவசியம் நேரவில்லை. இதற்கு அவசியம் இருந்தது, அதனால் இது உயிரோடு இருந்தது.

இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. நம் லேப்டாப்பில் செய்ய வேண்டியதும் இதுவேதான்: நகலை ஏற்றி அதில் வேலை பார்ப்பது. மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் தளத்தில் மீட்டுப் பார்க்க யாருக்கும் துணிவு வராது; இங்கே வரும். காலையில் நேற்றிரவுக் கோப்பை வேறு பெயரில் ஒரு வெற்று டேட்டாபேஸில் ஏற்றி, தளத்தை அதன் பக்கம் திருப்பி, இன்றைய வேலையை அதிலேயே தொடங்கலாம். ஏற்றுவதையும் ஸ்கிரிப்டே செய்யும். பழைய டேட்டாபேஸ் அழியாமல் பக்கத்தில் இருக்கும். நேற்று எழுதிய பத்தி வரவில்லை என்றால், அடுத்த பத்தியை எழுத உட்காரும்போதே தெரிந்துவிடும்.