தரையில் எறிந்தவனுக்கு 39.6

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவரை அளக்க என்.எஃப்.எல் 1973 முதல் ‘பாஸர் ரேட்டிங்’ என்ற சூத்திரத்தை வைத்திருக்கிறது. எறிந்ததில் எத்தனை சக ஆட்டக்காரர் கைக்குப் போனது, ஓர் எறிக்கு எத்தனை யார்டு, எத்தனை டச்டவுன், எத்தனை இன்டர்செப்ஷன். நான்கே கணக்கு. உச்சம் 158.3.

ஒருநாள் ராத்திரி சும்மா எக்செலில் போட்டுப் பார்த்தேன். எல்லாப் பந்தையும் வேண்டுமென்றே தரையில் எறிகிறவனுக்கு என்ன வரும்? பூஜ்யம் இல்லை, 39.6. பந்தை எதிரணியிடம் கொடுக்கவில்லை அல்லவா, அந்தப் பகுதியில் அவனுக்கு முழு மதிப்பெண். துணிந்து எறிந்து நாலைந்து பந்தைப் பறிகொடுத்தவன் இதற்கும் கீழே போகலாம்.

2017 சூப்பர் பௌலில் டாம் பிரேடி எறிந்த ஒரு பந்து, எதிரணியின் ராபர்ட் ஆல்ஃபர்ட் கையில் பட்டு எழும்பியது. தரையைத் தொடுவதற்குள் ஜூலியன் எடல்மன் பாய்ந்து பிடித்துவிட்டார். கணக்கில் பிரேடிக்கு 23 யார்டு. ஆல்ஃபர்ட் பிடித்திருந்தால் அதே எறி இன்டர்செப்ஷன். நம் கையில் இல்லாததற்கும் சேர்த்தே நம்மை மதிப்பிடுகிறார்கள் என்ற இந்தச் சிக்கலைத்தான் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் ‘அற அதிர்ஷ்டம்’ என்று விவாதித்தார்கள்.

போன வருஷக் கடைசியில், என் பிரிவில் இருக்கும் டெக்னீஷியன் அண்ணன் ஒருவருக்கு நான் கேபிஐ மதிப்பெண் போட்டேன். மோட்டார் சத்தம் சரியில்லை என்று அவர் இரண்டு தடவை லைனை நிறுத்தியிருந்தார். ஒரு தடவை பேரிங் போயிருந்தது. இன்னொரு தடவை ஒன்றுமில்லை. லைன் நின்ற நிமிடங்கள் இரண்டுமே அவர் பெயரில் ஏறின. எதையும் நிறுத்தாத இன்னொருவரின் கணக்கு சுத்தமாக இருந்தது. படிவத்தில் வந்ததை அப்படியே போட்டுவிட்டேன்.

“பரவாயில்ல தம்பி, நம்பர் அப்படித்தானே வருது” என்றார்.

எண்ணே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண் இல்லாத இடத்தில் மேலாளருக்குப் பிடித்தவன்தான் ஜெயிப்பான், அதையும் பார்த்திருக்கிறேன். எண் நடந்ததை எண்ணிச் சொல்கிறது, அதன் வேலை அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் அவர் காதில் என்ன விழுந்தது, எதை வைத்து நிறுத்தினார் என்று கேட்பது மதிப்பெண் போடுகிறவனின் வேலை. கேட்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் கேட்கவில்லை. அதைச் சூத்திரத்தின் தலையில் போட முடியாது.