தவறினோம்

யோம் கிப்பூர் யூதர்களின் பாவமன்னிப்பு நாள். சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு. அன்றைய வழிபாட்டில் 'அஷாம்னு' என்றொரு பாவ அறிக்கை உண்டு. எபிரேய அகரவரிசைப்படி பாவங்களை அடுக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் நெஞ்சில் மெல்லக் குத்திக்கொள்வார்கள். வினைகள் எல்லாம் பன்மை. வாழ்நாளில் ஒரு பென்சில்கூட எடுக்காத பாட்டியும் 'திருடினோம்' என்றுதான் சொல்லியாக வேண்டும்.

முதலில் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. எல்லாரும் குற்றவாளி என்றால் யாருமே இல்லை என்றுதானே அர்த்தம்? ஐடி ஆட்களுக்கு இந்தப் பன்மை நன்றாகப் பழக்கம். சர்வர் படுத்துவிட்டால் மறுநாள் ஓர் அறிக்கை: 'சோதனையில் தவறினோம்.' யார் பெயரும் இருக்காது. (தமிழில் இன்னும் வசதி. நாமா, நாங்களா என்றுகூடச் சொல்ல வேண்டாம்.)

அப்படி ஒன்று நானும் எழுதினேன். கோட் எழுதியவன் ஒப்பந்தத்தில் வந்த ஒரு தம்பி. படிக்காமலே அப்ரூவ் அழுத்தியவன் நான். அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. இரண்டு வாரம் கழித்து அவன் ஒப்பந்தம் மட்டும் நீட்டிக்கப்படவில்லை.

பைபிளில் உபாகமம் 21ஆம் அதிகாரத்தில் ஒரு சடங்கு வருகிறது. வெட்டவெளியில் ஒரு பிணம், கொன்றவன் யாரென்று தெரியாது. சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரம் அளக்கிறார்கள். மிக அருகிலுள்ள ஊரின் பெரியவர்கள் நுகம் பூட்டாத ஒரு கிடாரியின் கழுத்தை முறித்து, அதன்மேல் கை கழுவி, கொலையில் தங்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல வேண்டும். பொ.யு. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டநூல் இங்கே நின்று கேட்கிறது: இந்தப் பெரியவர்களை யார் கொலைகாரர்கள் என்று சந்தேகப்பட்டார்கள்? அதுவே பதிலும் தருகிறது. வந்தவனைச் சோறில்லாமல் அனுப்பவில்லை, பார்த்தும் வழித்துணை இல்லாமல் விடவில்லை என்பதற்குத்தான் அவர்கள் சாட்சி சொல்கிறார்கள்.

வழித்துணை என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். ரிலீஸ் அன்று இரவு 8.30க்கு நான் கேபில் ஏறக் கிளம்பியபோது அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். "ஏதாச்சும்னா மெசேஜ் போடுப்பா" என்றேன். 11.30க்குப் போட்டிருந்தான். காலையில்தான் பார்த்தேன்.

என் பன்மை குற்றத்தைப் பங்கு போட்டுக் கரைத்தது. அந்தப் பாட்டி தான் செய்யாததையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறாள். அதோடும் முடியவில்லை. கடவுளுக்கு எதிரான பாவத்தை யோம் கிப்பூர் போக்கும். சக மனிதருக்குச் செய்ததை, அவரைச் சமாதானப்படுத்தும்வரை போக்காது என்கிறது மிஷ்னா. கூட்டமாகச் சொல்லி முடித்த பிறகும் ஒருத்தர் வீட்டுக் கதவைத் தனியாகப் போய்த் தட்டத்தான் வேண்டும்.

போன வாரம் அவனுக்கு மெசேஜ் டைப் செய்தேன். 'நாங்க அன்னிக்கு' என்று ஆரம்பித்து, அழித்து, 'நான்' என்று மாற்றினேன். இன்னும் அனுப்பவில்லை.