கொழுந்தெடுத்த கைக்கு முதல் பொங்கல்

தைப்பொங்கல் உழவர் திருநாள் என்று பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். நம் தோட்டங்களில் நெல் விளைவதில்லை. நாம் பானையில் போடும் பச்சையரிசி கடையில் காசு கொடுத்து வாங்கியது. நம் பாட்டன் பூட்டன் காலத்திலோ அது தோட்டத்தில் அளந்து கொடுத்து, பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொண்ட அரிசி. அப்படியானால் அட்டனிலும் நுவரெலியாவிலும் லயத்து வாசலில் பானை வைக்கும் நாம் யாருக்கு நன்றி சொல்கிறோம்?

சூரியனுக்குச் சொல்வோம். தை மாதத்து உறைபனியில் விறைத்த கையோடு மலையில் நிரை பிடித்து நிற்பவளுக்கு வெயிலின் அருமையை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் பட்டி கட்டி மாடு வளர்ப்பவர்கள் மாட்டுக்கும் சொல்லட்டும். ஆனால் அந்தப் பானைக்குள் விழும் ஒவ்வொரு அரிசியும் ஒரு கொழுந்துக் கூடை வழியாகத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதைக் கிள்ளிக் கிள்ளிச் சேர்ப்பவர்களில் பெரும்பாலானோர் நம் அம்மாமார், அக்காமார், மனைவிமார். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக்கயிறு, காலில் அட்டைக்கடி. முழுநாள் சம்பளத்துக்குப் பேர் விழுமா, அரைப்பேராகிப் போகுமா என்ற கவலையோடு அவர்கள் நிறுவைக்கு நிற்கிறார்கள்.

அவளுக்குப் பொங்கலன்று என்ன நடக்கிறது? விடிவதற்கு முன் எழும்புகிறாள். வாசல் கூட்டிக் கோலம் போடுகிறாள். ஈர விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டுகிறாள். பொங்கிப் படைத்து, எல்லோருக்கும் பரிமாறி, வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றி, கடைசியில் அடிப்பிடித்ததை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாள். பின்னேரம் ஆகும்போது புருஷன் சாராயக் கடையிலிருந்து தள்ளாடி வருகிறான். அவளுக்கு வேலை நாளை விடப் பெருநாள்தான் பாரம். அண்ணன்மாரே, தம்பிமாரே, இதற்குப் பெயர் நன்றிகெட்டதனம். வேறு எந்த நல்ல பெயரும் இதற்குக் கிடையாது.

இந்த வருஷம் மாற்றுங்கள். அடுத்த வருஷம் என்று தள்ளிப் போடாதீர்கள். அடுப்பை நீங்கள் மூட்டுங்கள். பொங்கல் கொஞ்சம் குழைந்து போனால் போகட்டும். முதல் இலையை அவள் முன் போடுங்கள். உங்கள் மகனைக் கொண்டு பரிமாற வையுங்கள். அவன் கையால் அவன் தாய் வாங்கிச் சாப்பிடட்டும். அன்று ஒரு சொட்டுச் சாராயமும் வீட்டுக்குள் வரக்கூடாது. அவள் காதுத் தோட்டை அடகு வைத்து உடுப்பு வாங்கும் பெருநாளும் வேண்டாம். பழைய சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு கடனில்லாமல் பொங்கும் வீட்டுக்குச் சூரியன் குறைவாகவா வெளிச்சம் தரப்போகிறது?

இன்னொரு நன்றிக்கடனும் இருக்கிறது. பொங்கலுக்குச் சரியாக நாலு நாள் முன்பு, 1940 ஜனவரி 10ஆம் திகதி, முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பொலிஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துப்போனார். அந்த வருஷம் முல்லோயா லயங்களில் பானை எப்படிப் பொங்கியிருக்கும்? இன்று நாம் கேட்டு வாங்கும் ஒவ்வொரு சம்பள உயர்வுக்கும் பின்னால் அந்த மனிதரின் ரத்தம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரையும், மேடைகளில் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் தட்டி எழுப்பிய மீனாட்சியம்மாளையும் தெரியுமா? பொங்கல் பொங்கி வரும்வரை பிள்ளைகள் அடுப்பைச் சுற்றித்தானே நிற்கிறார்கள்; அந்த நேரத்தில் சொல்லுங்கள். போனை வாங்கி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்களுக்கே தெரியாவிட்டால், பக்கத்துக் காம்பராவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருக்கும் அப்பாயியிடம் கூட்டிப் போங்கள். அவருடைய தாத்தா எந்த ஊரிலிருந்து கடல் கடந்து வந்தார், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழி நடந்தவர்களைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருக்கிறார், இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு கூடப்பிறந்தவர்களில் யார் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப் போனார்கள் என்று அவர் சொல்லட்டும். பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். 2023இல் மலையகத்துக்கு 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். நடந்து முடித்து வீட்டுக்கு வந்த பிறகும் சொந்தப் பூட்டியின் பெயர் தெரியாதவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதைச் சொல்லக்கூடியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள். அடுத்த தைக்கு அந்தக் கிழவி இருப்பாள் என்று யார் உறுதி தருவது?

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பை நிறைய சாமான் வாங்கி வருகிறீர்கள், நல்லது. ஆனால் வந்த அன்றே கூட்டாளிகளோடு டவுனுக்கு இறங்கிவிடாதீர்கள். உங்கள் தாய்க்குத் தேவை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம். முப்பது வருஷம் மலை ஏறி இறங்கிச் சேர்ந்த அவளுடைய ஈ.பி.எப். காசை ஆட்டோ வாங்க, கலியாணம் செய்ய என்று வாங்கி முடித்தவர்கள் இருக்கிறீர்கள். உங்களால் முடிந்ததை மாதா மாதம் திருப்பிக் கொடுக்க இந்தத் தை முதலாம் திகதியே தொடங்குங்கள். கேட்க அவளுக்கு வாய் வராது. நீங்களாகக் கொடுங்கள்.