வெடிக்காத வரை பாவமில்லையா?

பெட்ரோகெமிக்கல் ஆலைகளில் மோட்டார்களுக்குப் பக்கத்தில் கனத்த அலுமினியப் பெட்டிகளைக் காணலாம். வேலை செய்பவர்கள் அவற்றை, ‘ஃபிளேம்புரூஃப்’ என்பதைச் சுருக்கி, எஃப்.எல்.பி. பெட்டி என்பார்கள். வாயு உள்ளே புகாமல் தடுக்கும் பெட்டி என்றுதான் புதிதாகப் பார்ப்பவர் நினைப்பார். அது வாயுவைத் தடுப்பதில்லை. வாயு உள்ளே போகும், என்றாவது ஒரு நாள் பொறி பட்டு வெடிக்கும் என்று ஒப்புக்கொண்டுதான் அதை வார்க்கிறார்கள். அந்த வெடிப்பு பெட்டிக்குள்ளேயே அடங்க வேண்டும். மூடியின் விளிம்பில் உள்ள நூலிழை இடைவெளி வழியாகத் தீ வந்தாலும், உலோகத்தில் சூட்டை இழந்து வெளிக்காற்றைத் தொடுமுன் அணைந்துவிட வேண்டும். 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பிவலை போட்டதும் இதே அறிவால்தான்.

கேபிள் நுழைவதற்காகப் போடும் துளைதான் இந்தப் பெட்டியின் பலவீனமான இடம். அங்கே திருகுகிற பித்தளைத் துண்டுதான் கிளாண்டு. ஹைட்ரஜன் தீயை நிறுத்த இடைவெளி சுமார் 0.29 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, புரொப்பேனுக்கு 0.92 வரை தாங்கும். ஆகவே எந்த வாயு என்று தெரியாமல் கிளாண்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. வாயு தெரிந்தாலும் கேபிளைப் பார்க்க வேண்டும். வட்டமாக, உள்ளே வெற்றிடமில்லாமல் நிரப்பப்பட்ட கேபிளாக, குறைந்தது 3 மீட்டர் நீளமாக இருந்தால் ரப்பர் வளையம் இறுக்கிப் பிடிக்கும் சாதாரண எஃப்.எல்.பி. கிளாண்டே போதும் என்கிறது சர்வதேசத் தரம். உள்ளே சந்து இருக்கும் கேபிள் என்றால், வெடிப்பின் அழுத்தம் சூடான வாயுவை அந்தச் சந்து வழியாகவே தள்ளிவிடும். அதற்கு பேரியர் கிளாண்டு வேண்டும். இரண்டு பாகக் கலவையை மாவு போலப் பிசைந்து, கேபிளின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடுக்கெல்லாம் அடைத்து, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். விரல் நோகும் வேலை. இழைகளைப் பிரிக்காமல் மேலே மட்டும் பூசி மூடிவிட்டாலும் வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றேதான்.

ஒரே ஷட்டவுனில் இரண்டு எலக்ட்ரீஷியன்கள் அப்படி மேலாகப் பூசி மூடிவிட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மூடிய பெட்டி இருபது ஆண்டுகள் சும்மா இருக்கிறது. மற்றவர் மூடியதிலிருந்து ஒரு நாள் தீ வெளியே பாய்ந்து மூன்று பேர் சாகிறார்கள். முதலாமவர் நல்ல தொழிலாளி என்ற பெயரோடு ஓய்வு பெறுகிறார். இரண்டாமவர் கொலைகாரர் ஆகிறார். இருவரின் கையும் செய்தது ஒன்றே.

1976-இல் தத்துவ அறிஞர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இந்தப் புதிரை ‘தார்மிக அதிர்ஷ்டம்’ என்ற பெயரில் விவாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு வெகு முன்பே, 1759-இல், ஆடம் ஸ்மித் இதைத் தொட்டிருக்கிறார். எச்சரிக்காமல் சுவர் தாண்டித் தெருவில் பெரிய கல்லை எறிபவன், அது யார்மேலும் படாவிட்டாலும் தண்டனைக்கு உரியவன் என்றார். ஆனாலும் உலகத்தின் கோபம் விளைவைப் பார்த்துத்தான் எழுகிறது என்றும், அதற்கொரு காரணம் உண்டு என்றும் சொன்னார். மனத்தையே தண்டிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு நீதிமன்றமும் மனத்தைத் துருவும் விசாரணைக்கூடமாகிவிடும் என்பது அவர் வாதம். சட்டத்துக்கு அது சரி. மனசாட்சிக்கு அது போதாது.

இதற்கு நேரான பதில் சமணத்தில் இருக்கிறது. பிரவசனசாரம் எழுதிய குந்தகுந்தர், வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் தவம் செய்ததாக மரபு சொல்கிறது. அங்கே அவர் பாதங்களை இன்றும் வணங்குகிறார்கள். அவர் சொல்வது இது: உயிர் செத்தாலும் பிழைத்தாலும், கவனமில்லாமல் நடப்பவருக்கு இம்சை நிச்சயம். பார்த்துப் பார்த்து அடி வைப்பவரின் காலடியில் ஓர் எறும்பு இறக்க நேர்ந்தாலும், அது அவரைக் கட்டாது. கவனமின்மைக்கு அந்த மரபு வைத்திருக்கும் சொல் பிரமாதம். ‘அடடா, பிரமாதம்’ என்று நாம் பாராட்டுக்குப் பயன்படுத்தும் அதே சொல் அங்கே எல்லா வன்முறைக்கும் வேர்.

இந்தக் கணக்கில், கலவையை மேலாகப் பூசிய நொடியிலேயே இரண்டு எலக்ட்ரீஷியன்களின் பாவமும் முழுமையாகிவிட்டது. வெடித்தது, வெடிக்காதது இரண்டும் பிறகு நடந்தவை. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இதைவிட நியாயமான கணக்கு வேறில்லை, ஏனென்றால் இது பழியை ஸ்பேனர் பிடித்தவரோடு நிறுத்துவதில்லை. செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என மூன்று வழியிலும் இம்சை சேரும் என்கிறது சமணம். ஒரு கிளாண்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசி, கலவை இறுகும் நேரத்துக்குக் கூலி தராத கான்ட்ராக்டர் செய்வித்தவர். எந்த வாயு என்று பார்க்காமல் வரைபடத்தில் ‘எஃப்.எல்.பி. கிளாண்டு’ என்று பொதுவாக எழுதிய இன்ஜினியரும் அவரோடு சேர்வார். பெட்டியைத் திறக்காமலே படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் உடன்பட்டவர்.

2009 அக்டோபர் 29 மாலை, ஜெய்ப்பூர் சீதாபுராவில் உள்ள எண்ணெய்க் கிடங்கில் குழாய் வால்வு ஒன்றிலிருந்து பெட்ரோல் பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவி மேகமாகப் பரவி, பிறகு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். தீ பல நாட்கள் எரிந்தது. பற்றவைத்தது எஃப்.எல்.பி. அல்லாத மின்கருவியாக இருக்கலாம், கிளப்பப்பட்ட வண்டியாகவும் இருக்கலாம் என்றது விசாரணைக் குழு. எழுதி வைத்த செயல்முறை இல்லாததையும், கசிவைத் தொலைவிலிருந்து நிறுத்தும் வசதி இல்லாததையும் அது சுட்டிக்காட்டியது. அந்தக் குறைகள் அன்று மாலை பிறந்தவையல்ல. அதற்கு முந்தைய நாளும் அங்கே இருந்தன. யாரும் சாகாததால் முந்தைய நாள் அவை குற்றமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எபிரேயர்களின் பழைய சட்டமும் இதை உணர்ந்திருந்தது. புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும் என்கிறது உபாகமம் 22-ஆம் அதிகாரம். யாராவது விழட்டும், பிறகு பார்க்கலாம் என்று அது காத்திருக்கவில்லை. வேதநூலில் ஒரு கட்டட விதி இடம்பெற்றது தற்செயல் என்று தோன்றவில்லை.

ஆலைகளில் சோதனை மூன்று வகை. கண்ணால் மட்டும் பார்ப்பது, ஏணி வைத்து நெருங்கிப் பார்ப்பது, பெட்டியைத் திறந்து பார்ப்பது. நிறுவிய பின் நடக்கும் முதல் சோதனையில் திறந்து பார்த்தாக வேண்டும். அதன் பிறகு வருடக்கணக்கில் முதல் இரண்டோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த முதல் சோதனையும் வெறும் கையெழுத்தோடு முடிந்திருந்தால், இழைகளுக்கு நடுவே கலவை போயிருக்கிறதா என்பது அடைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். சில பேரியர் கிளாண்டுகளில் கலவை இறுகியதும் உள்குழலைக் கழற்றிப் பார்க்க வசதி வைத்திருக்கிறார்கள். மேஸ்திரி அடுத்த பெட்டிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார், சாப்பாட்டு மணியும் அடித்திருக்கும். குழலைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரிடத்தில் பள்ளம் தெரிந்தால் மறுபடி கலவை பிசைய உட்காரும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள்.