தன் முயற்சியும் பிறர் வகுத்த வழியும்

"யார் துணையுமின்றி நானே கடந்தேன்" என்று ஒருவர் கூறும்போது, அந்த 'நானே' என்னும் சொல்லுக்கு எல்லை எது? மராட்டிய மண்ணில் வாழும் நமக்கு இக்கேள்வியை ஆராய நல்லதோர் இடம் அருகிலேயே உள்ளது. கோப்போலியிலிருந்து கண்டாலாவுக்கு ஏறும் போர்காட் கணவாயே அது.

விடியற்காலையில் பன்வேலிலிருந்து மிதிவண்டியில் தனியே புறப்படுபவர், கோப்போலிக்குப்பின் சுமார் 500 மீட்டர் உயரம் ஏறவேண்டும். புகைவண்டியில் செல்பவருக்கு மலை ஒரு காட்சி. மிதிப்பவருக்கோ தொடையிலும் மூச்சிலும் அழுத்தும் சுமை. வேறு பல கணவாய்களில் ஏறியவருக்கு மறுபுறம் இறக்கம் உண்டு. இங்கு அந்தக் கூலியும் இல்லை. மேலே காத்திருப்பது தக்காணப் பீடபூமி. ஏறி முடித்தவர் பெருமிதம் கொண்டால் அதை மறுக்க நமக்கு உரிமையில்லை. அவருக்காக வேறெவரும் ஒரு மிதிகூட மிதிக்கவில்லை.

ஆயினும் தனியாகச் செல்வது வேறு. தன்னால் மட்டுமே செல்வது வேறு. சாலை வளைந்து வளைந்து சென்று செங்குத்தைக் குறைத்துத் தந்ததனால்தான் அவரால் ஏற முடிந்தது. வண்டிகள் செல்லத்தக்க பாதை அங்கே 1830-இல் திறக்கப்பட்டது. 1863-இல் இருப்புப்பாதை வந்தது. அதற்காகப் பாறையைக் குடைந்தவர்களில் பல்லாயிரவர் நோயாலும் விபத்தாலும் மாண்டனர். லோனாவலாவைத் தாண்டியுள்ள கார்லா குடைவரையிலோ, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான தூண்களில் கொடையாளர் பெயர்கள் பிராமி எழுத்தில் நிற்கின்றன. பொருள் கொடுத்தவர் நிலைத்தார். உளி பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மறைந்தனர்.

அவர்கள் கூலிக்கு உழைத்தார்கள், நமக்காக அன்று; ஆகவே நமக்குக் கடன் இல்லை என்பர் சிலர். எளிதில் தள்ளக்கூடிய வாதம் அன்று இது. ஆனால் கூலி நாள் வேலைக்குத் தரப்பட்டது, உயிருக்கு அன்று. திருப்பித் தர இயலாத கடனாயினும், கணக்கைச் சரியாகச் சொல்லவாவது இயலும்.

நம் குடும்பங்களிலும் இக்கணக்கு உண்டு. "ஒரு பெட்டியோடு வந்தேன், நானே முன்னுக்கு வந்தேன்" என்று பிள்ளைகளிடம் கூறுகிறோம். பெட்டி உண்மை, பட்ட பாடும் உண்மை. மாதுங்காவிலோ தாராவியிலோ முதல் மாதம் பாய் விரிக்க இடம் தந்தவர், மொழி அறியாத நமக்காக மராத்தியில் பேசி வேலையில் சேர்த்துவிட்டவர் ஆகியோர், கதையைச் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக விடுபட்டுப் போகின்றனர். பொய் எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் கேட்டு வளரும் பிள்ளை, பிறர் உதவியை நாடுவதே இழிவு என்று கற்றுக்கொள்கிறது. துன்பம் வந்த நாளில் அது வாய் திறவாமல் இருப்பதற்கு நாம் சொன்ன கதையும் ஒரு காரணமாகலாம்.

போர்காட் ஏற்றத்தின் நடுவழியில் சிங்ரோபா கோயில் உள்ளது. ஆங்கிலேயப் பொறியாளர்களுக்கு வழிகாட்டிய ஆட்டிடையர் அவர் என்றும், பரிசாக விடுதலையைக் கேட்டதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார் என்றும் மக்கள் கூறுவர். கதையில் வரலாறு எவ்வளவோ, கற்பனை எவ்வளவோ! பெயர் தெரியாத பல்லாயிரவருக்குமாகச் சேர்த்து மலை இந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டது போலும். வண்டியோட்டிகள் அங்கே காசு போட்டுவிட்டுச் செல்கின்றனர். மிதிவண்டிக்காரர் நின்றுதான் ஆகவேண்டும் என்பதில்லை. நின்றால், மூச்சு வாங்கிக்கொள்ளவும் ஆகும்.